ஒற்றைப்படை இன்னிங்ஸ் என்னுடையது

போன மாதம் திருப்பதியில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் இரண்டு இளம் கோச்சுகள் சண்டை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பன்ட் எப்போது ஆடச் சொல்வது என்பதுதான் சண்டை. சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டையைச் சுழற்றி அடிக்காமல் குறுக்கே நீட்டிப் பிடித்து, வரும் பந்தைக் காலடியிலேயே விழச் செய்வதுதான் பன்ட். ஆடியவள் பெரும்பாலும் அவுட் ஆகிவிடுவாள். அதற்குள் முன்னால் பேஸில் நிற்கும் தோழி அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவாள். மூன்று பேஸையும் தொட்டு, மட்டை பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். ஒருத்தியைக் கொடுத்து இன்னொருத்தியை நகர்த்துகிற ஆட்டம் அது. பேஸில் ஆள் இருந்தாலே பன்ட் ஆட வேண்டும் என்றான் அந்தப் பையன். அந்தப் பெண், கையில் மட்டை கொடுத்ததே அடிக்கத்தானே என்றாள். கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்து, நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வருட சர்டிஃபிகேட் கோர்ஸ் படித்துவிட்டு வேலைக்கு வந்தேன். அந்தக் கோர்ஸில் சாஃப்ட்பாலுக்கு என்று மொத்தம் இரண்டு மதியங்கள். பள்ளியில் எனக்குக் கிடைத்தது கைப்பிடியில் சணல் சுற்றிய ஒரு மட்டையும் மூன்று பந்துகளும். மைதானத்தை ஒட்டி ஒரு மாடி வீடு இருந்தது. ஓங்கி அடித்தால் பந்து அந்த மாடியில் போய் விழும். அந்த வீட்டு அம்மாள் பந்தைத் திருப்பித் தரவே மாட்டாள். அதனால் என் பிள்ளைகளை நான் அடிக்கவே விடவில்லை, பன்ட் ஆடக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு வருடத்தில் அதுவே என் கொள்கையாகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அதற்குப் பெரிய பெரிய காரணங்கள் சொன்னேன்.

காரணங்கள் பொய்யும் இல்லை. காலடியில் விழுந்த பந்தைப் பதறாமல் பொறுக்கி முதல் பேஸுக்கு ஒழுங்காக எறியத் தெரிந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் அபூர்வம். ஒருத்தி எடுக்கப்போய் இன்னொருத்தி மேல் முட்டிக்கொள்வாள், பந்து எங்கோ பறக்கும், எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இரண்டு பேஸ் ஓடுவார்கள். அப்படியே நாலைந்து கோப்பைகள் வாங்கினோம். மாவட்டத்தில் எனக்கு பன்ட் டீச்சர் என்று பெயர் வந்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

திருப்பதிப் பள்ளி ஒன்றுக்குச் சரோஜினி மேடம் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அவள் உடற்கல்விக்கென்றே பி.பி.எட். பட்டம் படித்தவள். சொந்த மொபெட்டில் மைதானத்துக்கு வருவாள். கழுத்தில் வெள்ளிச் சங்கிலியில் விசில் தொங்கும். அவளுடைய பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் ஒன்பது கிளவுஸ், என் பிள்ளைகளுக்கு நாலுதான். சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் அவள் மேடம், நான் டீச்சர். வயதிலும் என்னைவிட மூன்று வருடம் சின்னவள். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் தெலுங்குக்காரி. நான் தமிழ் என்று தெரிந்ததும், என்னிடம் பேசுவதற்காகவே தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பன்ட் பற்றி எங்களுக்குள் முதல் வாக்குவாதம் வந்தபோது அவள் குரலை உயர்த்தவே இல்லை. “அவுட்டுன்றதே மூணுதான் டீச்சர். அதுல ஒண்ண சும்மா தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வராது” என்றாள். கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் வேண்டுமென்றால் மட்டும் பன்ட், மற்றபடி அடிக்கட்டும் என்பது அவள் கட்சி. வசதி இருக்கிறவள் பேசுகிற பேச்சு என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய கட்சிக்குச் சாட்சியாக அவளிடம் தேசம்மா இருந்தாள்.

தேசம்மா நகரி பக்கத்துப் பெண். என் பிறந்த ஊரிலிருந்து அவள் ஊருக்கு நடந்தே போகலாம். எங்கள் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம். அவர்களுக்கு நிலம் கிடையாது, ஊருக்கு வெளியே தனித் தெரு, அப்பா விசைத்தறி ஷெட்டில் கூலி. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் போவேன். உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குத் திருப்பதி விடுதிக்குப் போனாள். விடுதியில் குடம் தூக்கும் தோளைப் பார்த்தே சரோஜினி அவள் கையில் மட்டையைக் கொடுத்தாளாம். நாலே வருடத்தில் தேசம்மா அடிப்பதுதான் மாவட்டம் முழுக்கப் பேச்சானது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் பேச்சு பேசுகிற பிள்ளை, சரோஜினி வளர்த்த பிள்ளை என்று பெயர் வாங்கினாள். இந்த ஒன்றை மட்டும் என்னால் சீரணிக்கவே முடியவில்லை.

அந்த வருடம் மாநில அளவிலான பள்ளிப் போட்டி திருப்பதியில் நடந்தது. சித்தூர் பக்கப் பிள்ளைகளையும் திருப்பதிப் பக்கப் பிள்ளைகளையும் கலந்து மாவட்ட அணி எடுத்தார்கள். கோச்சாக என்னையும் போட்டார்கள், அவளையும் போட்டார்கள். முகாமின் முதல் நாளே பன்ட் தகராறு ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது பேஸ் பக்கத்தில் நிற்கிற கோச்தான் மட்டை பிடிப்பவளுக்குச் சைகை கொடுப்பது வழக்கம். அங்கே யார் நிற்பது என்பதில் பிரச்சினை. விஷயம் மாவட்ட விளையாட்டுச் செக்ரெட்டரியிடம் போனது.

செக்ரெட்டரி ஒரு தலைமை ஆசிரியர். யார் புகார் சொன்னாலும் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். சீவி முடிக்கிறவரை பேசலாம். முனை கூர்மையானதும் அதைக் கட்டை விரலில் குத்திப் பார்ப்பார், அத்தோடு விசாரணை முடிந்தது. அன்றைக்கு அவர் சீவிய பென்சில் நீளமானது, அதனால் நாங்கள் இரண்டு பேரும் மனசாரப் பேசினோம். முனையைக் குத்திப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் ஒன்றிலிருந்து ஏழுவரை எழுதினார். ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஏழு இன்னிங்ஸ், மூன்று அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடியும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் ஒருவர் மூன்றாவது பேஸில் நின்று சைகை கொடுக்க வேண்டும். இரண்டு, நாலு, ஆறில் இன்னொருவர். அடுத்தவர் அப்போது முதல் பேஸ் பக்கம் நிற்கலாம், ஆனால் வாயும் கையும் திறக்கக் கூடாது. காசு சுண்டிப் போட்டார். ஒற்றைப்படை எனக்கு விழுந்தது.

நாலுக்கு மூன்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தப் புத்தி எனக்கு எங்கே வந்தது என்றும் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது, திருத்தணி பக்கத்தில் இருந்த என் அத்தை ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது. அந்தப் பக்கம் எத்தனை கிராமம் போனது, இந்தப் பக்கம் எத்தனை வந்தது என்பதுதான் பல வருடம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. நைனா, என் அப்பா, விரல் விட்டு எண்ணுவார். தன் இலையைவிட அடுத்த இலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

செக்ரெட்டரியின் தீர்ப்பால் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். என் சைகை வேறு, அவள் சைகை வேறு. நான் கைக்கடிகாரத்தைத் தொட்டால் பன்ட், முந்தானையை இழுத்துச் செருகினால் அடி. அவள் விசில் சங்கிலியைத் தொட்டால் பன்ட், தொப்பியைத் தொட்டால் அடி. ஒற்றைப்படையில் ஒரு பாஷை, இரட்டைப்படையில் ஒரு பாஷை. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பாதி வாக்கியம் தமிழிலும் மீதி தெலுங்கிலும் பேசுகிறவர்கள், அதனால் மூன்றே நாளில் பழகிக்கொண்டார்கள்.

மட்டை பிடிக்கும் வரிசையைச் சேர்ந்துதான் போட்டோம். முதலாவது என் பள்ளி வசந்தா. குதிரை மாதிரி ஓடுவாள். மூன்றாவது தேசம்மா. நன்றாக அடிக்கிறவளை மூன்றாவதில் போடுவது எல்லா ஊரிலும் வழக்கம், சரோஜினி சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். மூன்றாவதாக வருகிறவள் முதல் இன்னிங்ஸில் கட்டாயம் மட்டை பிடிப்பாள் என்பதும், முதல் இன்னிங்ஸ் எப்போதும் என்னுடையது என்பதும் அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்கு உடனே தோன்றியது.

தேசம்மாவுக்கு அந்தப் போட்டி எவ்வளவு முக்கியம் என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். அவள் பத்தாம் வகுப்பு. மாநில அணிக்குத் தேர்வானால் அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் விடுதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் பரீட்சை முடிந்ததும் தறி ஷெட், பிறகு கல்யாணம். அவள் அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். தேர்வாளர்கள் மூன்று பேர் ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். முதல் இன்னிங்ஸில் கண்ணைக் கொட்டாமல் பார்ப்பார்கள். நடுவில் டீ வரும், ஆட்கள் வந்து வணக்கம் சொல்வார்கள், கவனம் சிதறும். கடைசி இன்னிங்ஸில் மறுபடி நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் ஆட்டத்தில் வசந்தா முதல் பேஸில் நின்றாள், தேசம்மா மட்டையோடு வந்தாள். நான் கடிகாரத்தைத் தொட்டேன். அவள் மறுபேச்சில்லாமல் பன்ட் ஆடி அவுட் ஆனாள், வசந்தா இரண்டாவது பேஸுக்குப் போனாள், பிறகு ரன்னும் எடுத்தாள். தேர்வாளர்கள் வசந்தா பெயரைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அதேதான் நடந்தது, அரையிறுதியிலும் அதேதான். நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனதால் ஒருவரும் என்னைக் கேட்க முடியவில்லை. இரட்டைப்படையில் சரோஜினி தேசம்மாவை அடிக்கவிட்டாள். அரையிறுதியில் ஒரு பந்து கயிற்றைத் தாண்டிப் போனது. அந்த நேரம் தேர்வாளர்கள் யாரோ கொண்டுவந்த லட்டுப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

இறுதி ஆட்டம் கடலோர மாவட்டம் ஒன்றோடு. முதல் இன்னிங்ஸில் மறுபடியும் கடிகாரம், மறுபடியும் பன்ட். நாலாவதில் தேசம்மா அடித்தாள். அவர்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி தூரத்தில் விழுந்து புரண்டு அதைப் பிடித்துவிட்டாள். ஆறு இன்னிங்ஸ் முடியும்போது இரண்டுக்கு இரண்டு. ஏழாவதில் அவர்கள் ஒன்றும் எடுக்கவில்லை. நாங்கள் மட்டை பிடிக்கப் போகும் முன் சரோஜினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், இந்த இன்னிங்ஸ் உங்களதுதான், நான் இல்லேன்னு சொல்லல. தேசம்மா வந்தா மட்டும் கொட்டனிவ்வண்டி, அடிக்க விடுங்க. அந்தப் பொண்ணு அடிக்கறத செலக்டர்ஸ் இன்னும் பாக்கவே இல்ல.”

அவள் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. பார்க்கலாம் மேடம், ஆட்டம் எப்படிப் போகிறதோ அப்படி என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு குளிர்ச்சி. கடைசியில் என்னிடம் வந்து நின்றாயா என்கிற குளிர்ச்சி.

வசந்தா அடித்து முதல் பேஸுக்குப் போனாள். மட்டைக்குப் பின்னால் நிற்கிற அவர்கள் கேட்சர் பந்தைத் தவறவிட்டதில் இரண்டாவதுக்கு ஓடினாள். அடுத்தவள் தரையோடு அடித்து அவுட் ஆனாள், வசந்தா மூன்றாவது பேஸுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒரு அவுட். ஒரு ரன் எடுத்தால் கோப்பை. தேசம்மா நடந்து வந்தாள். ஷாமியானாவின் கீழ் மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

ஆட்டம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் அங்கே இரண்டு வழி உண்டு. அவர்கள் பிள்ளைகள் தேசம்மாவைப் பார்த்ததும் பயந்து பத்தடி பின்னால் போய்விட்டார்கள். காலடியில் ஒரு பந்து விழுந்தால் எடுக்க ஆளில்லை. பன்ட் ஆடினால் வசந்தா நடந்தேகூட வந்துவிடலாம். இது ஒரு நியாயம். அவள் அடித்தால் பத்துக்கு ஆறு தடவை பந்து தூரம் போகும், வசந்தா அப்போதும் வருவாள், தேசம்மாவும் தேர்வாவாள். இதுவும் நியாயம்தான். இரண்டையும் எடை போட்டேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் எடை போடவில்லை. அந்தப் பெண் ஓங்கி அடித்து, எல்லோரும் எழுந்து நின்று, அடுத்த நாள் பேப்பரில் சரோஜினி மேடத்தின் மாணவி என்று வருவது மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது. நான் கடிகாரத்தைத் தொட்டேன்.

தேசம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். தலையைத் திருப்பி முதல் பேஸ் பக்கம் நின்ற சரோஜினியைப் பார்த்தாள். அங்கே அவள் தொப்பியை ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும், அந்தப் பெண் அடித்திருப்பாள். நானும் சரோஜினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

பன்ட் அவ்வளவு சுத்தமாக விழுந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பந்து இரண்டு தடவை குதித்துவிட்டு நின்றுவிட்டது. அவர்கள் வந்து எடுப்பதற்குள் வசந்தா மட்டை பிடிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். கோப்பை எங்களுக்கு.

பிள்ளைகள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். செக்ரெட்டரி வந்து கை கொடுத்தார். சரோஜினியும் வந்தாள். அவள் கண் கலங்கி இருந்தது, ஆனாலும் சிரித்தாள். “நீங்க சொன்னதுதான் கரெக்ட் டீச்சர். அவ்வளவு பின்னால நிக்கறாங்கன்னு நான் கவனிக்கவே இல்ல. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது” என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முகாம்களில் அந்த ஏழாவது இன்னிங்ஸைச் சொல்லி, நல்ல கோச் என்றால் தன் சிறந்த ஆட்டக்காரியைக்கூட அணிக்காக விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும் என்று பாடம் நடத்தினாள். நானும் மேடையில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். வசந்தா மாநில அணியில் இருந்தாள். தேசம்மா பெயர் கடைசியில், ஸ்டாண்ட்பை என்று போட்டு. யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள் என்று அர்த்தம். நான் வசந்தாவைக் கட்டிக்கொண்டேன். தேசம்மா விடுதிப் பிள்ளைகளோடு நின்று பட்டியலை மூன்று தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது, ஸ்டாண்ட்பை பெண்ணை உடனே அனுப்பவும் என்று சித்தூருக்குத் தந்தி வந்தது. சரோஜினி அப்போது லீவில் நெல்லூரில் இருந்தாள். செக்ரெட்டரி என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம்தானே, போய்க் கூட்டி வாருங்கள் என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. பஸ்ஸில் போகும்போதே அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டேன். இனி அவள் என் கையால் போகப்போகிறாள் என்றும் நினைத்தேன். அப்போதும் அந்த எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன்.

தறி ஷெட்டில் சத்தம் காதைப் பிளந்தது. தேசம்மா என்னைப் பார்த்ததும் வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. பரீட்சை எழுதவில்லை, நிச்சயம் ஆகிவிட்டது, ஆடி கழிந்ததும் கல்யாணம் என்றாள். நான் தந்தியைக் காட்டினேன். நான் வந்து உன் நைனாவிடம் பேசுகிறேன், எதையும் நிறுத்தலாம் என்றேன். அவள் தந்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாணாம் டீச்சர். நைனா வாக்கு குடுத்துட்டுகீறாரு. அங்க இட்டுகினு போயி உக்கார வெப்பாங்க, அதுக்கு நான் இங்கியே உக்காந்துக்கினு இருப்பேன்.”

பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நான் உங்க ஸ்கூல் பொண்ணா இருந்தா, அன்னிக்கு அடிக்க உட்டிருப்பீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எதிரணி பின்னால் நின்றதைச் சொல்லியிருக்கலாம், அதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் என்னிடம் எங்கள் பேச்சில், நிதானமாகக் கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை.

“உட்டிருப்பேன்” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்டவள் போலத் தலையாட்டினாள்.

“அதத்தான் மேடத்துக்கிட்ட அன்னிக்கே சொன்னேன். அவங்க நம்பவே இல்ல. உங்களப் பத்தி அப்படிப் பேசினதுக்கு என்னிய ரெண்டு நாள் கிட்ட சேக்கல.”

சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டாள். நான் அந்தத் தந்தியோடு ரோட்டில் நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததற்கு இன்றைக்கும் என் மனது அடித்துக்கொள்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக என்னை அரிப்பது எது என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சரோஜினி நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே நம்பியிருப்பேன்.